கோப்புக் களஞ்சியத்திலிருந்து மேவன் செருகுநிரலை நிறுவுதல்: முழுமையான வழிகாட்டி

ஜாவா திட்டங்களைக் கட்டும் கருவியான மேவனுக்கு உரிய ஒரு செருகுநிரலின் ஜார் கோப்பு உங்கள் கையில் இருக்கிறது. அது மேவனின் பொது இணையக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் கிடைக்காது. நெக்ஸஸ், ஆர்ட்டிஃபேக்டரி போன்ற களஞ்சியச் சேவையகமும் உங்களிடம் இல்லை. அந்தச் செருகுநிரலைச் சாதாரணக் கோப்புறை ஒன்றில் களஞ்சியமாக அடுக்கி, அங்கிருந்தே உங்கள் திட்டம் அதை எடுத்துக்கொள்ளும்படி செய்வதே இங்கே விளக்கப்படும் வேலை.

மேவன் 3 வரிசையை அடிப்படையாகக் கொண்டு இதை எழுதுகிறேன். கட்டளைகளையும் குறிச்சொற்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை வழக்கமான ஆங்கில எழுத்துகளில், பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பிசகாமல் இட வேண்டும்.

1. இரண்டு களஞ்சியங்களைப் பிரித்தறிதல்

புதியவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் ஒரு சொற்குழப்பம். பயனரின் முகப்புக் கோப்புறையில் உள்ள ‘.எம்2’க்குள் ‘ரெப்பாசிட்டரி’ என்ற பெயரில் இருப்பதை மேவன் ‘உள்ளகக் களஞ்சியம்’ என்று அழைக்கிறது; இங்கே அதைச் சுருக்கமாக ‘.எம்2’ என்றே குறிப்பிடுகிறேன். பெயர் அப்படி இருந்தாலும், நடைமுறையில் அது ஓர் இடைச்சேமிப்பு மட்டுமே. வெளியிலிருந்து இறக்கியவற்றையும் அந்தக் கணினியில் கட்டியவற்றையும் அது வைத்துக்கொள்கிறது.

நாம் உருவாக்கப் போகும் கோப்புக் களஞ்சியம் வேறு. அது உங்கள் வன்தட்டிலேயே இருந்தாலும், ‘ஃபைல்’ என்று தொடங்கும் முகவரியால் சுட்டப்படும்போது மேவனின் பார்வையில் அது ஒரு தொலைநிலைக் களஞ்சியம். சென்ட்ரலிலிருந்து எப்படி இறக்குமோ அப்படியே அங்கிருந்தும் ஜாரை ‘.எம்2’க்குள் நகலெடுத்த பிறகுதான் மேவன் அதைப் பயன்படுத்தும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் பின்வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் தாமாகவே புரிந்துவிடும்.

ஜாரை நேராக ‘.எம்2’க்குள் போட்டுவிட்டு ‘என் கணினியில் ஓடுகிறது’ என்று சொல்பவர்கள் பலர். ஓடத்தான் செய்யும். அடுத்தவரின் கணினியிலும் தானியங்கிக் கட்டமைப்புச் சேவையகத்திலும் அந்த ஜார் இருக்காது என்பதே சிக்கல்.

இதே காரணத்தால்தான் இரண்டு கட்டளைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘இன்ஸ்டால்-ஃபைல்’ என்பது உள்ளகக் களஞ்சியத்தில் எழுதுவது. ‘டிப்ளாய்-ஃபைல்’ என்பது நீங்கள் குறிப்பிடும் தொலைநிலைக் களஞ்சியத்தில் எழுதுவது. முன்னது உருவாக்கும் மேல்விவரக் கோப்பின் (எந்தெந்தப் பதிப்புகள் உள்ளன என்று சொல்லும் கோப்பின்) பெயரில் ‘லோக்கல்’ என்ற பின்னொட்டு இருக்கும். தொலைநிலைக் களஞ்சியத்தைப் படிக்கும்போது மேவன் அந்தப் பெயரைத் தேடுவதில்லை. ஆகவே ‘.எம்2’க்குள் இருக்கும் கோப்புறையை வெட்டியெடுத்துக் களஞ்சியம் என்று ஒட்டினால், பதிப்பெண்ணை முழுமையாகக் குறிப்பிடும்போது அது வேலை செய்து, ஸ்னாப்ஷாட் பதிப்புகளிலும் (இன்னும் மாறிக்கொண்டிருக்கும், வெளியிடப்படாத பதிப்புகள்) செருகுநிரலைச் சுருக்கப் பெயரால் அழைக்கும்போதும் கைவிட்டுவிடக்கூடும். அரைகுறையாக ஓடுவது அறவே ஓடாததைவிட அதிக நேரத்தை விழுங்கும்.

2. தொடங்குமுன் ஜாரைத் திறந்து பாருங்கள்

பெரும்பாலோர் இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறார்கள். பிறகு அரைநாள் கழித்து இங்கேயே திரும்பி வருகிறார்கள். ஜார் என்பது ஒரு ஜிப் கோப்புதான். ஜிப்பைத் திறக்கும் எந்தக் கருவியாலும் அதன் உள்ளடக்கப் பட்டியலைப் பார்க்கலாம். ‘மெட்டா-இன்ஃப்’ கோப்புறைக்குள் ‘மேவன்’ கோப்புறை, அதற்குள் ‘ப்ளகின்’ என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவே செருகுநிரலின் விவரிப்பி. அது இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது செருகுநிரல் அன்று, வெறும் நூலகம். மூலத் திட்டத்தின் பாம் கோப்பில் (திட்டத்தின் விவரங்களை மேவனுக்குச் சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்பு) பொதியின் வகையை ‘மேவன்-ப்ளகின்’ என்று குறிக்காமல் ‘ஜார்’ என்று விட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். அதை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. கொடுத்தவரிடம் திரும்பக் கட்டித் தரச் சொல்ல வேண்டும்.

விவரிப்பி இருந்தால் அதைத் திறந்து குழுப் பெயர் (க்ரூப் ஐடி), பொருட்பெயர் (ஆர்ட்டிஃபேக்ட் ஐடி), பதிப்பு, கோல்களின் (செருகுநிரல் செய்யும் தனித்தனி வேலைகளின்) பட்டியல், கோல் முன்னொட்டு (கோலை அழைக்க உதவும் சுருக்கப் பெயர்) ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எங்கும் இந்த மதிப்புகளையே பயன்படுத்த வேண்டும். கோப்பின் பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. குழுப் பெயர் பிடிக்கவில்லை என்று தங்கள் நிறுவனத்தின் பெயரை இட்டு ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றம் பிழையின்றி முடியும். ஆனால் ஓடும்போது, விவரிப்பியில் உள்ள குழுப் பெயர் தவறானது என்று கூறி மேவன் நின்றுவிடும். அது பாம் கோப்பில் கேட்கப்பட்ட அடையாளத்தையும் ஜாருக்குள் இருக்கும் விவரிப்பியையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது.

அடுத்தது பாம் கோப்பு. ஜாரோடு தனியாகத் தரப்படாவிட்டாலும், மேவனால் கட்டப்பட்ட ஜாருக்குள் அதே ‘மேவன்’ கோப்புறையின் கீழ், குழுப் பெயர், பொருட்பெயர் கொண்ட உட்கோப்புறைகளில் அதன் நகல் பெரும்பாலும் இருக்கும். அதை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். தாய்ப் பாம் ஒன்றைக் குறிக்கும் ‘பேரன்ட்’ குறிச்சொல் உள்ளதா? சார்பு நூலகங்களில் சென்ட்ரலில் இல்லாத ஏதேனும் உள்ளதா? இரண்டில் எதற்கு விடை ‘ஆம்’ என்றாலும், அந்தக் கோப்புகளையும் நீங்கள் தேடிப் பெற்று ஏற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக ஜாவா பதிப்பு. செருகுநிரல் உங்கள் நிரலோடு ஓடுவதில்லை, மேவனோடு ஓடுகிறது. எனவே மேவனை இயக்கும் ஜாவாவே கணக்கு. மேவனின் பதிப்பைக் கேட்கும் கட்டளை அந்த ஜாவாவின் பதிப்பையும் காட்டும். ஜாருக்குள் உள்ள ஒவ்வொரு வகுப்புக் கோப்பிலும், அது எந்த ஜாவாவுக்காகக் கட்டப்பட்டது என்பதைக் காட்டும் எண் இருக்கும்: 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் ஜாவா 11, 61 என்றால் ஜாவா 17. எண் 61 கொண்ட செருகுநிரலை ஜாவா 11-இல் ஓடும் மேவன் ஏற்காது.

3. கோப்புறைக்கு இடம் தேர்தல்

ஒரே திட்டம்தான் இதைப் பயன்படுத்தப் போகிறது என்றால், திட்டத்தின் வேர்க் கோப்புறைக்குள்ளேயே களஞ்சியத்தை வையுங்கள். மூலநிரலோடு சேர்ந்தே அது பயணிக்கும்; திட்டத்தை நகலெடுப்பவர் வேறெதையும் செய்ய வேண்டியதில்லை. பல திட்டங்கள் பகிர்ந்துகொள்ளும் என்றால் மட்டும் பொதுவான ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். எதுவாயினும் பாதையில் வெற்றிடம் இல்லாத பெயரை வைப்பது நல்லது, முகவரியாக எழுதும்போது வெற்றிடங்கள் தொல்லை தரும்.

‘டார்கெட்’ கோப்புறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ‘க்ளீன்’ கட்டளையை ஒரு முறை இட்டால் களஞ்சியமே போய்விடும்.

கிட் பயன்படுத்துபவர்கள் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, பல திட்டங்களின் கிட்-இக்னோர் கோப்பில் எல்லா ஜார் கோப்புகளையும் விலக்கும் வரி இருக்கும். அதனால் பாம் கோப்பும் மேல்விவரமும் கிட்டில் சேர, ஜார் மட்டும் சேராமல் போகும். உங்கள் கணினியில் எல்லாம் சரியாக இருக்கும், மற்றவர்களுக்குத்தான் பிழை வரும். இரண்டாவது, விண்டோஸில் கிட் வரி முடிவுகளை மாற்றும் அமைப்பு இயங்கினால் பாம் கோப்பின் உள்ளடக்கம் சில பைட்டுகள் மாறி, அதனருகில் உள்ள சரிபார்ப்புத் தொகையோடு பொருந்தாமல் போகும். மேவன் 3 இயல்பாக இதற்கு எச்சரிக்கை மட்டும் தரும். கண்டிப்பான கொள்கை அமைத்திருந்தால் கட்டமைப்பே நின்றுவிடும். கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் அந்தக் கோப்புறை முழுவதையும் உரையாகக் கருத வேண்டாம் என்று ஒரு வரி எழுதினால் சிக்கல் தீர்ந்தது.

4. செருகுநிரலைக் களஞ்சியத்தில் ஏற்றுதல்

இப்போது ‘டிப்ளாய்’ செருகுநிரலின் ‘டிப்ளாய்-ஃபைல்’ கோலை இயக்குங்கள். இதற்குத் திட்டம் எதுவும் தேவையில்லை, எந்தக் கோப்புறையிலிருந்தும் இயக்கலாம். நான்கு அளவுருக்களைத் தர வேண்டும்: ‘ஃபைல்’ என்பதில் ஜாரின் பாதை, ‘பாம்ஃபைல்’ என்பதில் பாம் கோப்பின் பாதை, ‘யூஆர்எல்’ என்பதில் களஞ்சியத்தின் முகவரி, ‘ரெப்பாசிட்டரி ஐடி’ என்பதில் அந்தக் களஞ்சியத்துக்கு நீங்கள் வைக்கும் பெயர். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சிறுகோடும், ‘டிப்ளாய்’ என்பதன் முதலெழுத்தான ‘டி’யின் பெரிய வடிவமும் இடைவெளியின்றி வரும்.

பாம் கோப்பின் பாதையைத் தராமலும் கட்டளை ஓடிவிடும். குழுப் பெயர், பொருட்பெயர், பதிப்பு மூன்றையும் கையால் தந்தால் போதும். அந்தக் குறுக்குவழி வேண்டாம் என்பேன். அப்படிச் செய்யும்போது, அடையாள விவரங்களை மட்டும் கொண்ட ஒரு மெலிந்த பாம் கோப்பு உருவாக்கப்படக்கூடும். அதில் சார்பு நூலகங்களின் பட்டியல் இருக்காது. ஏற்றம் வெற்றி என்று திரை சொல்லும், செருகுநிரலும் கண்டுபிடிக்கப்படும், ஆனால் ஓடத் தொடங்கியதும் ஏதோ ஒரு வகுப்பு காணவில்லை என்ற பிழை எழும். அப்போது பலர் செருகுநிரலின் நிரலைத்தான் சந்தேகிக்கிறார்கள்; பாம் கோப்பை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

முகவரியை எழுதும் முறை: ‘ஃபைல்’, முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடுகள், பிறகு முழுப் பாதை. மூன்றாவது சாய்கோடு லினக்ஸிலும் மேக்கிலும் பாதையின் தொடக்கச் சாய்கோடே. விண்டோஸில் மூன்று சாய்கோடுகளுக்குப் பின் வட்டின் எழுத்து, முக்காற்புள்ளி என்று தொடர வேண்டும். பின்சாய்கோடுகளை எல்லா இடத்திலும் முன்சாய்கோடுகளாக மாற்ற வேண்டும்.

தாய்ப் பாம் இருந்தால் அதையும் இதே கட்டளையால் ஏற்றுங்கள். அங்கே ‘ஃபைல்’, ‘பாம்ஃபைல்’ இரண்டிலும் அந்த ஒரே பாம் கோப்பின் பாதையைத் தந்து, ‘பேக்கேஜிங்’ என்பதை ‘பாம்’ என்று அமைக்க வேண்டும். தாய்க்கும் தாய் இருந்தால் சங்கிலி முடியும் வரை செல்லுங்கள். சென்ட்ரலில் கிடைக்கும் தாயை எட்டியதும் நிறுத்தலாம். சென்ட்ரலில் இல்லாத சார்பு நூலகங்களையும் இப்படியே தத்தம் பாம் கோப்புகளோடு ஏற்றிவிடுங்கள்.

முடிந்ததும் கோப்புறையைத் திறந்து பாருங்கள். குழுப் பெயரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஓர் உட்கோப்புறையாகப் பிரிந்திருக்கும். அதற்குள் பொருட்பெயர், அதற்குள் பதிப்பெண் கொண்ட கோப்புறைகள். அங்கே ஜாரும் பாமும், அவற்றின் எம்டி5, ஷா1 சரிபார்ப்புக் கோப்புகளும். பதிப்புக் கோப்புறைக்கு ஒரு படி மேலே மேல்விவரக் கோப்பு இருக்க வேண்டும்.

5. திட்டத்தின் பாம் கோப்பில் அறிவித்தல்

இந்தப் படியில் நடக்கும் தவறுகளில் முதன்மையானது இது: களஞ்சியத்தை ‘ரெப்பாசிட்டரீஸ்’ என்ற பகுதியில் எழுதிவிட்டுக் காத்திருப்பது. மேவன் அந்தப் பகுதியைத் திட்டத்தின் சார்பு நூலகங்களுக்காக மட்டுமே பார்க்கிறது. செருகுநிரல்களையும், அச்செருகுநிரல்கள் சார்ந்திருக்கும் நூலகங்களையும் ‘ப்ளகின் ரெப்பாசிட்டரீஸ்’ என்ற தனிப் பகுதியில் உள்ள களஞ்சியங்களில்தான் தேடும். உங்கள் நிரலுக்கும் அதே கோப்புறையிலிருந்து நூலகங்கள் வேண்டுமென்றால், இரண்டு பகுதிகளிலும் ஒரே முகவரியை எழுதுங்கள். அது திரும்பச் சொல்வது போலத் தோன்றினாலும் தேவையானதே.

அந்தப் பகுதிக்குள் ஒரு ‘ப்ளகின் ரெப்பாசிட்டரி’யைத் திறந்து, அதில் ‘ஐடி’யையும் ‘யூஆர்எல்’லையும் தாருங்கள். ஐடி தனித்துவமாக இருக்கட்டும். ‘சென்ட்ரல்’ என்று வைத்தால் மேவன் சென்ட்ரலின் முகவரியை உங்கள் கோப்புறை பறித்துக்கொண்டு, மற்ற எந்தச் செருகுநிரலும் கிடைக்காமல் போகும். முகவரியில் முழுப் பாதையை எழுதினால் அது உங்கள் கணினிக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், ‘ப்ராஜெக்ட் பேஸ்டிர்’ என்ற மாறியைப் பயன்படுத்தி, திட்டத்தின் வேரிலிருந்து தொடங்குமாறு எழுதுங்கள்.

பல கூறுகளைக் கொண்ட திட்டமாக இருந்தால் இங்கே ஒரு பொறி உண்டு. அந்த மாறி, ஒவ்வொரு கூறிலும் அந்தந்தக் கூறின் கோப்புறையைக் குறிக்கும். தாய்ப் பாமில் எழுதிய முகவரி சேய்க்குக் கைமாறும்போது, சேயின் கோப்புறைக்குள் இல்லாத ஒரு களஞ்சியத்தை மேவன் தேடும். வேரிலிருந்து இயக்கினால், தாயின் கட்டத்திலேயே செருகுநிரல் ‘.எம்2’க்குள் வந்துவிட்டிருந்தால் பிழை மறைந்தே இருக்கும். ஆகவே இது பல வாரங்கள் கழித்துக்கூட வெளிப்படலாம். இதற்கு, மேவன் 3.3.1 முதல் உள்ள ‘மேவன் மல்டிமாட்யூல் ப்ராஜெக்ட் டைரக்டரி’ என்ற மாறியைப் பயன்படுத்துங்கள்; அது எப்போதும் வேரையே சுட்டும்படி, வேரில் ‘.எம்விஎன்’ என்ற கோப்புறை ஒன்றை உருவாக்கி வையுங்கள். கிட் வெற்றுக் கோப்புறைகளைச் சேர்க்காது, அதனால் அதற்குள் ஏதேனும் ஒரு சிறு கோப்பும் வேண்டும்.

பிறகு ‘பில்ட்’ பகுதியில் உள்ள ‘ப்ளகின்ஸ்’ என்பதற்குள் செருகுநிரலைக் குழுப் பெயர், பொருட்பெயர், பதிப்பு மூன்றோடும் எழுதுங்கள். ‘ப்ளகின் மேனேஜ்மென்ட்’ பகுதியில் மட்டும் எழுதினால் அது இயங்காது, ஏனெனில் அப்பகுதி அமைப்புகளைச் சொல்வதற்கே உரியது. ‘எக்ஸிக்யூஷன்’ ஒன்றை எழுதி, எந்தக் கோல் எந்தக் கட்டத்தில் (கட்டமைப்பின் எந்தப் படியில்) ஓட வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். கோலுக்கென இயல்பான கட்டம் விவரிப்பியில் இல்லாமலும் நீங்களும் குறிப்பிடாமலும் இருந்தால், எந்தப் பிழையும் எழாமல், செருகுநிரலும் ஓடாமல், கட்டமைப்பு ‘வெற்றி’ என்று முடியும்.

6. வெற்று இடைச்சேமிப்பில் சோதித்தல்

இவ்வளவு நேரம் செய்த முயற்சிகளால் உங்கள் ‘.எம்2’ கலங்கிப்போயிருக்கும், அதை வைத்துச் சோதித்தால் வரும் வெற்றியையும் நம்ப முடியாது, தோல்வியையும் நம்ப முடியாது. ஆகவே ‘மேவன் ரெப்போ லோக்கல்’ என்ற பண்பில் ஒரு வெற்றுக் கோப்புறையின் பாதையைத் தந்து மேவனை இயக்குங்கள். எல்லாவற்றையும் புதிதாக இறக்க வேண்டியிருப்பதால் சற்று நேரம் எடுக்கும். ஆனால் புதிதாக வரும் ஒருவரின் கணினியில் என்ன நடக்கும் என்பதை அது மட்டுமே அப்படியே காட்டும்.

பவர்ஷெல்லில் இயக்குபவர்கள் அந்த அளவுரு முழுவதையும் மேற்கோள் குறிகளுக்குள் இட வேண்டும். இல்லையென்றால் புள்ளி வரும் இடத்தில் அது இரண்டாகப் பிளந்து, தெரியாத கட்டம் ஒன்றை இயக்கச் சொன்னதாக மேவன் புகார் செய்யும்.

முதலில் திட்டத்தின் கோப்புறையில் நின்று, ‘ஹெல்ப்’ செருகுநிரலின் ‘டிஸ்கிரைப்’ கோலை உங்கள் செருகுநிரலின் முழு அடையாளத்தோடு இயக்குங்கள். கோல்களின் பட்டியல் திரையில் வந்தால், களஞ்சியம், பாம், விவரிப்பி மூன்றும் சரி. பதிவில் உங்கள் களஞ்சியத்தின் ஐடியோடு ‘ஃபைல்’ முகவரியிலிருந்து இறக்கப்பட்டதாக ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்பின் வழக்கமான கட்டமைப்பை இயக்குங்கள்.

7. பிழை வந்தால் எங்கே பார்ப்பது

செருகுநிரலைக் காணவில்லை என்ற பிழை வந்தால், மேவன் தேடிய களஞ்சியங்களின் பெயர்களைப் பிழைச் செய்தியிலும் அதற்கு முந்தைய பதிவு வரிகளிலும் பாருங்கள். அவற்றில் உங்கள் ஐடி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால், சிக்கல் கோப்புறைக்குள்: பாதையோ பெயரோ தவறு, அல்லது ஜார் சேரவில்லை. இல்லாவிட்டால், சிக்கல் அறிவிப்பில். தவறான பகுதியில் எழுதியிருக்கலாம். மேவனின் செட்டிங்ஸ் கோப்பில் (பயனரின் அமைப்புகளைக் கொண்ட கோப்பு) ஒரு ப்ரொஃபைலுக்குள் (தேவைப்படும்போது மட்டும் இயக்கும் அமைப்புத் தொகுதிக்குள்) எழுதிவிட்டு அந்த ப்ரொஃபைலை இயக்காமல் விட்டிருக்கலாம்.

மூன்றாவது வாய்ப்பு கண்ணில் படுவது அரிது. செட்டிங்ஸ் கோப்பில் எல்லாக் களஞ்சியங்களுக்கும் மாற்றாக ஒரு கண்ணாடிக் களஞ்சியத்தை, உடுக்குறி இட்டு அமைத்திருந்தால், உங்கள் கோப்புக் களஞ்சியத்துக்கான கேள்வியும் அங்கேயே திருப்பி விடப்படும். அந்த உடுக்குறிக்கு முன் ‘எக்ஸ்டர்னல்’ என்ற சொல்லையும் முக்காற்புள்ளியையும் சேர்த்தால், கோப்பு முகவரிகளும் அதே கணினியில் ஓடும் களஞ்சியங்களும் விலக்கப்படும். நிறுவனக் கணினிகளில் இந்த அமைப்பு முன்கூட்டியே இருப்பது வழக்கம் என்பதால், வீட்டில் ஓடியது அலுவலகத்தில் ஓடவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

தவற்றைத் திருத்திய பிறகும் அதே பிழை வருகிறதா? முந்தைய தோல்வி இடைச்சேமிப்பில் பதிவாகியுள்ளது என்று செய்தியிலேயே எழுதியிருக்கும். கிடைக்காத ஒன்றை மேவன் உடனுக்குடன் மறுபடி தேடுவதில்லை. ‘யூ’ என்ற பெரிய எழுத்து விருப்பத்தோடு இயக்கினால் தேடல் மீண்டும் நிகழும்.

இணையம் இல்லாத நிலைக்கான ‘ஓ’ விருப்பத்தைப் பலர் இங்கே தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கோப்புக் களஞ்சியம் வட்டில்தானே இருக்கிறது என்று தோன்றும். மேவனுக்கோ அது தொலைநிலைக் களஞ்சியம், ஆகவே இயல்பாக அதையும் தொடாது. அந்த விருப்பத்தோடு இயக்கும் முன், ஒரு முறையேனும் அது இல்லாமல் இயக்கி, செருகுநிரலை ‘.எம்2’க்குள் வரவழைத்திருக்க வேண்டும்.

சுருக்கப் பெயரால் கோலை அழைக்கும்போது முன்னொட்டு தெரியவில்லை என்ற பிழை வந்தால், செட்டிங்ஸ் கோப்பின் ‘ப்ளகின் குரூப்ஸ்’ பகுதியில் குழுப் பெயரைச் சேருங்கள், அல்லது முழு அடையாளத்தால் அழையுங்கள். அப்பாச்சி மேவனின் சொந்தக் குழுவையும் கோட்ஹாஸ் மோஜோ குழுவையும் மட்டுமே மேவன் கேட்காமலே தேடும்.

8. புதிய பதிப்பை ஏற்றுதல்

அதே பதிப்பெண்ணின் மேல் புதிய ஜாரை ஏற்றாதீர்கள். வெளியீட்டுப் பதிப்பு ஒன்று ‘.எம்2’க்குள் வந்துவிட்டால் அது மாறாது என்றே மேவன் கொள்கிறது. களஞ்சியத்தில் ஜார் மாறியது பற்றி யாருடைய கணினிக்கும் தெரியாது, ‘யூ’ விருப்பமும் அதை மாற்றாது. ஏற்கெனவே அப்படிச் செய்துவிட்டிருந்தால், ஒவ்வொருவரும் தங்கள் ‘.எம்2’க்குள் அந்தப் பதிப்பின் கோப்புறையை அழிக்க வேண்டும். பதிப்பெண்ணை உயர்த்தச் சொல்லிச் செருகுநிரலைக் கட்டுபவரிடம் கேட்பதே எளிது. விவரிப்பியில் பழைய எண் இருக்க, நீங்களாக எண்ணை மாற்றி ஏற்றினால் இரண்டாம் பகுதியில் சொன்ன ஒப்பீட்டில் சிக்கிக்கொள்வீர்கள்.

ஸ்னாப்ஷாட் பதிப்பைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நேரமுத்திரையுடன் கூடிய புதிய கோப்பு சேர்ந்துகொண்டே போகும். கிட்டுக்குள் வைத்திருக்கும் களஞ்சியத்துக்கு இது ஒத்துவராது.

இருவர் இரு கிளைகளில் வெவ்வேறு பதிப்புகளை ஏற்றிவிட்டு இணைக்கும்போது, ஜார்கள் மோதாது. மேல்விவரக் கோப்பும் அதன் சரிபார்ப்புத் தொகைகளும்தான் மோதும். அவற்றைக் கையால் ஒட்டுப்போட வேண்டாம். ஒரு கிளையின் வடிவத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, மற்றக் கிளையின் பதிப்பை ‘டிப்ளாய்-ஃபைல்’ வழியாக மறுபடியும் ஏற்றுங்கள்; மேல்விவரம் இரண்டு பதிப்புகளையும் கொண்டதாக, பொருந்தும் தொகைகளோடு மீண்டும் எழுதப்படும்.